கடைசி வரியைக் கீழிருந்து தேடுங்கள்

பொன்னமராவதியில் ஒரு மளிகைக் கடை தன் பில்களை எக்ஸெல்லில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பில்லைத் தானாகச் சேர்க்க மேக்ரோ எழுதினால், இதுவரை எழுதியது எந்த வரியில் முடிகிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் வரியிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, காலிக் கட்டம் வந்ததும் நிற்கச் சொல்வதுதான் பலரும் எழுதும் முறை. மேக்ரோ ஒவ்வொரு தடவை தாளைத் தொடும்போதும் நேரம் பிடிக்கும். 50,000 வரி இருந்தால் 50,000 தடவை தொடும். அதைவிட மோசம், நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்று, அந்த வரியில் இருக்கும் பழைய பில்லின் மேல் புது பில்லை எழுதிவிடும். கண்ட்ரோலையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்துவதற்குச் சமமான 'எண்ட் எக்ஸ்எல்டவுன்' வேகமானது. ஆனால் அதுவும் அதே இடைவெளியில் நின்றுவிடும்.

ஆகவே தாளின் அடிக்குப் போய் மேலே ஏறுங்கள். செல்ஸ்(ரோஸ்.கவுண்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ: ஒரே கட்டளை, நடுவில் எத்தனை ஓட்டை இருந்தாலும் கவலையில்லை. 1 என்பது முதல் பத்தி. எந்தப் பத்தியில் தேடுகிறோம் என்பதுதான் உண்மையில் முக்கியம். பில் எண் போல எல்லா வரியிலும் கட்டாயம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குறிப்புப் பத்தி வேண்டாம். அடியில் 'மொத்தம்' என்று ஒரு வரி போட்டிருந்தால் மேக்ரோ அதையும் பில்லாகவே எண்ணும். கூட்டுத்தொகையைத் தாளின் தலையில் வைப்பதே என் கட்சி.

ரோஸ்.கவுண்ட் இருக்கும் இடத்தில் 65,536 என்று எழுதிய பழைய மேக்ரோக்கள் இன்னும் உலவுகின்றன. எக்ஸெல் 2003 வரை தாளின் நீளம் அவ்வளவுதான்; 2007 முதல் 10,48,576. அந்தப் பழைய எல்லை விளையாட்டல்ல. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பழைய வடிவக் கோப்பைப் பயன்படுத்தியதால், அதில் கொள்ளாமல் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன.

வரி எண்ணை 'லாங்' வகையில் வையுங்கள். 'இன்டிஜர்' 32,767 வரைதான் தாங்கும். 'யூஸ்டுரேஞ்ச்' சொல்லும் எல்லையை அப்படியே நம்ப வேண்டாம். வெறுமனே வண்ணம் பூசிய காலிக் கட்டத்தையும் அது கணக்கில் சேர்க்கும். ஃபில்டர் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மறைந்த வரிகள் தப்பிவிடும்.

மேக்ரோ செய்ததைக் கண்ட்ரோல் இசட் திருப்பித் தராது. முதல் ஓட்டம் கோப்பின் நகலில் இருக்கட்டும்.