சர்க்கரை இல்லை, சிறுநீரகம் போகிறது

கெலமங்கலம் ரோஜாக் குடில்களிலும் தக்காளித் தோட்டங்களிலும் கூலிக்கு நிற்கும் தலித் தொழிலாளர்களுக்கு ஒரு நம்பிக்கை: சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லையென்றால் சிறுநீரகம் பத்திரம். அது சரியல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2023-ல் தமிழகக் கிராமங்களில் வயல்வேலை செய்யும் 3,350 பேரைப் பரிசோதித்தார்கள். 5.31 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவுமில்லை. முதல் சந்தேகம் வெயிலில் தண்ணீரின்றி உழைப்பது. பூச்சிமருந்தைச் சந்தேகிப்போரும் உண்டு. நோய் வலிக்காது, அதுதான் ஆபத்து.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். டயாலிசிஸ் பையும் தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் பை தேவைப்படுவது சிறுநீரகம் செயலிழந்த பிறகு. அதற்கு வெகுமுன்பே ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். காலனிக்கு வரும் சுகாதார ஊழியரிடம் அதைக் கேளுங்கள். தோட்டக்காரரிடம் நிழலும் குடிநீரும் கேளுங்கள்.