குடிக்கும் மனநோய்க்கும் ஒரே கூரையின்கீழ் சிகிச்சை: ஏன், எப்படி, எங்கே?

தை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியதும், ஒரத்தநாடு வட்டாரத்தில் தள்ளிப்போட்ட காரியங்கள் எல்லாம் நடக்கத் தொடங்கும். காதுகுத்து, கல்யாணம், வீட்டு வேலை. வெளியே சொல்லாமல் நடக்கும் காரியம் ஒன்றும் அதில் உண்டு. வீட்டில் குடிப்பவரை ‘எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்ப்பது’தான் அது.

எங்கே சேர்ப்பது என்பதில்தான் குடும்பம் தடுமாறிப்போகிறது. குடிப்பவர் இரவெல்லாம் தூங்குவதில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறார், சாகப்போவதாக மிரட்டுகிறார் என்றால் மறுவாழ்வு மையத்தில், ‘முதலில் மனநல டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்’ என்பார்கள். மனநல டாக்டரிடம் போனால், ‘குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள், பிறகு மருந்து கொடுக்கலாம்’ என்ற பதில் கிடைப்பதும் உண்டு. இப்படி அலைந்தே பலர் சிகிச்சை என்ற பேச்சையே விட்டுவிடுகிறார்கள்.

இந்த அலைச்சல் தேவையற்றது. போதைப் பழக்கமும் மனநோயும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவக் குழுவே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. நோய் கடுமையாக இருந்தால் சில வாரங்கள் தங்கியே சிகிச்சை பெற வேண்டியிருக்கும்.

எவ்வளவு பேருக்கு இப்படி?

அமெரிக்காவில் சுமார் 20,000 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1990-ல் வெளியானது. குடிநோய் உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு மனநோயும் இருந்தது. மற்ற போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களில் இது 53 சதவீதம். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை என்பதை மருத்துவ உலகம் அப்போதே ஒப்புக்கொண்டது.

இந்திய நிலவரத்தை மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு காட்டுகிறது. 2019-ல் வெளியான அதன்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடி பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

எது முதலில் வந்தது?

‘குடிச்சுக் குடிச்சே புத்தி கெட்டுப்போச்சு’ என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தொடர்ந்த குடி மனச்சோர்வையும் பயத்தையும் சந்தேகத்தையும் உண்டாக்கும். மனைவியின் நடத்தையில் காரணமற்ற சந்தேகம் கொள்வது, காதில் குரல் கேட்பது எல்லாம் குடியாலேயே வரலாம்.

மறுபாதியை யாரும் பேசுவதில்லை. தூக்கம் வராதவர், இனம்தெரியாத பயம் நெஞ்சை அடைப்பவர், மனச்சோர்வில் இருப்பவர் முதலில் மருந்தாகத்தான் குடிக்கத் தொடங்குகிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்த்த தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அத்தகைய இழப்புக்குப் பின் தூக்கத்தைத் தேடி பாட்டிலுக்குப் போகிறவரைக் குடிகாரர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கினால், அடியில் இருக்கும் நோய் கண்ணில் படாது. இளைஞர்களுக்குக் கஞ்சா இன்னொரு ஆபத்து. மனச்சிதைவு வரும் வாய்ப்புள்ளவரிடம் அது நோயை முன்கூட்டியே கிளப்பிவிடும், வந்த நோயைத் தீவிரமாக்கும்.

எது முதலில் வந்தது என்பதை ஒருநாள் புறநோயாளிப் பிரிவில் பத்து நிமிடம் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. குடியால் வந்த மனச்சோர்வு பெரும்பாலும் குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தானாகவே குறையும். ஒரு மாதம் கடந்தும் நீடித்தால் அது தனி நோய், அதற்குத் தனி மருந்து வேண்டும். குடிக்காமல் இருக்கும் அந்த நாட்களில் நோயாளியைத் தினமும் கவனித்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். தங்கும் சிகிச்சையின் முதல் நியாயம் இதுதான்.

முதல் வாரத்தில் உயிருக்கே ஆபத்து

பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி சிலருக்குச் சித்தக் குழப்பம் ஏற்படும். படுக்கையில் இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார்கள். செய்து பழகிய தொழிலையே வெறும் கையால் செய்வார்கள். வயல் வேலை செய்தவர் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் நாற்றைப் பறித்து, உதறி, முடி கட்டுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது காத்து கருப்பு வேலை என்று தோன்றும். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகக்கூடிய மருத்துவ அவசரநிலை இது.

மாலை போட்டதும் ஒரே நாளில் குடியை நிறுத்துகிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மிதமாகக் குடிப்பவருக்கு அந்த விரதம் நல்ல தொடக்கமாகக்கூட அமையலாம். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போனவர் மட்டும், மாலை போடுவதற்கு முன் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும்.

மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 எனப்படும் தயாமின் ஊசியும் போடுவார்கள். அந்தச் சத்து வற்றிப்போன உடம்பில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். சோர்ந்து கிடக்கிறாரே என்று குடிநோயாளிக்கு வீட்டுப் பக்கத்திலேயே குளுக்கோஸ் ஏற்றச் சொல்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரங்களில் என்ன நடக்கும்?

உடம்பு தெளிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்தை முடிவு செய்வார். உளவியல் ஆலோசகர் தனியாகவும் குழுவாகவும் பேசுவார். குடிக்கும் ஆசை எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்த நினைப்பில் எழுகிறது என்று நோயாளியே கண்டுகொள்ளப் பழக்குவார்கள். குரல் கேட்கும்போது குடித்தவருக்கு, குரல் கேட்டால் வேறு என்ன செய்யலாம் என்று சொல்லித் தருவார்கள். இரண்டு நோயும் ஒரே பேச்சில் கையாளப்படுவது இங்கேதான்.

மருந்துகளும் ஒன்றோடொன்று மோதும். இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தோடு குடி சேர்ந்து உடலில் நீர் வற்றினால், மருந்தே விஷமாகலாம். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்பிரம் மாத்திரையை, குடிப்பவருக்குத் தெரியாமல் காபியிலும் குழம்பிலும் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து இறக்க நேரிடலாம். மனநோய் இருப்பவருக்கு அந்த மாத்திரையே நோயைக் கிளறிவிடவும் கூடும். வேதனை தாங்காமல் இதைச் செய்யும் மனைவிமார்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்குச் சரியான வழியைக் காட்டாதது நம் எல்லோருடைய குறை.

டெல்டாவுக்குப் புதிதல்ல

கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. அதன் குழு 1989-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக்கே வந்து தங்கி முகாம் நடத்தியது. ஒரத்தநாட்டுக்கு வடகிழக்கே, இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் கிராமம் அது. சென்னைக்குப் போக வசதியில்லாதவர்கள் சொந்த மண்ணிலேயே பதினைந்து நாள் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள், குடும்பத்தாருக்கும் ஆலோசனை கிடைத்தது. மஞ்சக்குடி அனுபவம் பிறகு மருத்துவ ஏடுகளிலும் பதிவானது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடுமையான மனநோயும் சேர்ந்தவர்களுக்கு முகாம் போதாது, மருத்துவமனைப் படுக்கை தேவை. ஆனாலும் ஊரும் குடும்பமும் சேர்ந்தால் சிகிச்சை நிலைக்கும் என்பதை மஞ்சக்குடி காட்டியது.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது வழக்கம். திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினால் மனநோய் தீரும் என்பது டெல்டா மக்களின் நம்பிக்கை. இன்று அங்கே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. வேண்டுதலும் மருந்தும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை.

ஒரத்தநாட்டிலேயே முக்தாம்பாள் சத்திரம் நிற்கிறது. அதைக் கட்டிய இரண்டாம் சரபோஜி, தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், நோயுற்ற வழிப்போக்கருக்கு மருந்தும் ஏற்ற உணவும் கொடுத்துக் குணமாகும்வரை பரிவோடு கவனிக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். நோயாளியைத் தங்கவைத்துத் தேற்றும் அறம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்ததுதான்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அந்தத் துயரம் நாட்டையே உலுக்கியது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்கிறது. மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் இச்சட்டத்தின்படி மனநோயே. எனவே அத்தகைய நோயாளிகளைத் தங்கவைக்கும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

தானாக விரும்பிச் சேர்ந்தவர் வெளியேறும் உரிமை உடையவர். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், முடிவெடுக்க இயலாமல் இருப்பவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் சேர்க்கலாம். அதற்கு இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர். இந்தச் சேர்க்கைக்கு வரம்பு 30 நாள். அதற்குமேல் என்றால் புதிதாகப் பரிசோதனை வேண்டும். நள்ளிரவில் வேனில் ஆட்களை அனுப்பிக் கட்டித் தூக்கிப்போகும் மையம், குணமாக்கும் இடம் ஆகாது.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

- மையத்தின் பதிவுச் சான்று எங்கே?
- மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்?
- மனநோய் மருந்தையும் குடிநோய் மருந்தையும் ஒரே குழு கவனிக்கிறதா? ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தொடர விடுவார்களா?
- குடும்பத்தார் பார்க்கவும் போனில் பேசவும் அனுமதி உண்டா?
- வீடு திரும்பிய பின் தொடர்சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். முப்பது நாள் தங்கியவர் வீடு திரும்பும்போது அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே கடன் காத்திருக்கும். மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் அதைத் தோல்வி என்று எண்ணி மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடக் கூடாது, மறுநாளே டாக்டரிடம் வர வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் யாரும் அவரை வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. இந்த நோயாளிக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும். குடிப்பவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே ஆலோசனை தேவை, மனச்சோர்வு அவர்களையும் பிடித்திருக்கும்.

தமிழக அரசு 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. இது சரியான திசை. ஆனால் ஒரு மாதத் தங்கலுக்குப் பிந்தைய மாதங்களின் பாரத்தைத் தாங்க வேண்டியது வட்ட மருத்துவமனைகள்தான். ஒரத்தநாடு அரசு மருத்துவமனையிலேயே குடிநோய், மனநோய் இரண்டுக்குமான மாத்திரைகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். நோயாளி வராத மாதத்தில் வீடு தேடிப்போய் விசாரிக்க ஒரு களப்பணியாளர் வேண்டும். தை அறுவடைக்குப் பின், ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேலை குறைந்த மாதங்களில் மஞ்சக்குடி பாணி முகாமை இங்கே நடத்தினால், கூலி போய்விடுமே என்று தயங்குபவர்களும் வருவார்கள்.

அதுவரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவை எங்கே, எந்த நாளில் பார்க்கலாம் என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும் இலவசம். பேசும்போது குடியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தூக்கமின்மை, சந்தேகம், காதில் கேட்கும் குரல், சாகும் பேச்சு எல்லாவற்றையும் சொல்லுங்கள். டாக்டர் ‘முதலில் குடியை விடட்டும்’ என்றால், ‘இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.