“கொஞ்சம் தலையைத் தூக்குங்க”

“கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?”

விபத்தில் அடிபட்டு வருபவரிடம் மயக்க மருந்து டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலோ பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பிலோ, மதியச் சாப்பாடு முடிந்த சிறிது நேரத்தில் ஒருவர் இயந்திரத்தில் சிக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நசுங்கியது விரல் மட்டும் என்றால், தோளிலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்தே பெரும்பாலும் தைத்துவிடலாம். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்றால் முழு மயக்கம் தவிர வழியில்லை. அவர் சாப்பிட்டது பிரியாணி. இறைச்சியும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பது வழக்கமான ஆபரேஷனுக்கான விதி. ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

தொண்டைக்கு ஒரு காவல் உண்டு. புரையேறினால் இருமுகிறோமே, அதுதான். மயங்கியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, நினைவு தப்புவதற்கும் மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறங்குவதற்கும் இடையே கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதற்குள் இரண்டு மருந்துகள் வேலை செய்தாக வேண்டும். ஒன்று தூங்கவைப்பது, மற்றொன்று தசைகளைத் தளர்த்துவது.

தூங்கவைப்பதில் இன்று முன்னிற்பது புரோபோஃபால். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயிலும் முட்டை மஞ்சள்கருவின் லெசித்தினிலும் கலந்து தருகிறார்கள். அதனால்தான் பால் போல வெள்ளையாக இருக்கிறது. கை ரத்தக்குழாயில் ஏற்றிய அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும்போது, ரத்தம் அதை மூளைக்குக் கொண்டு சேர்த்ததும் கண் சொருகிவிடும். சில நிமிடங்களில் விழிப்பும் வந்துவிடும். மருந்து அதற்குள் அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அழியவில்லை, மூளையை விட்டுத் தசைக்கும் கொழுப்புக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இந்த மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும். நிறைய ரத்தம் இழந்தவருக்கு அதனால்தான் பல டாக்டர்கள் கெட்டமினை எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

இரண்டாவது மருந்தின் பெயர் சக்சமெத்தோனியம். ஆபரேஷன் தியேட்டரில் அதை ஸ்கோலின் என்பார்கள். 1951 முதல் மருத்துவத்தில் இருக்கிறது. நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பப் பயன்படுத்தும் பொருள் அசெட்டைல்கோலின். அதன் இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைத்தால் கிடைப்பதே சக்சமெத்தோனியம். தசை இதைத் தன் நரம்பின் கட்டளை என்றே எண்ணி ஏற்றுக்கொள்கிறது. உடம்பு முழுக்கத் தசைகள் ஒரு கணம் துடித்து அலைபோல் ஓடும். பிறகு எல்லாம் அடங்கும், மூச்சுத் தசையும்கூட. அந்த அமைதியில்தான் டியூப் இறங்குகிறது.

5 முதல் 10 நிமிடங்களில் மூச்சு திரும்பிவிடும். திருப்புவது எந்த ஊசியும் அல்ல, நம் ரத்தமேதான். கல்லீரல் சுரந்து ரத்தத்தில் விடும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி ஸ்கோலினை வெட்டிப் போடுகிறது. ஏற்றிய மருந்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தசை வரை போய்ச் சேர்கிறது, மீதி வழியிலேயே அழிகிறது. அதாவது, இந்த மருந்தின் அளவே நோயாளியின் ரத்தத்தை நம்பித்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது.

அந்த நொதி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 5 நிமிட மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும். ஐரோப்பியரிடையே லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் குறை இது. ஆனால் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க, ஜெர்மானிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கோவையின் வைசிய சமூகத்தில் 24 பேரில் ஒருவருக்கு இந்த நொதி இல்லை என்று காட்டியது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, நொதியின் 307-ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் புரோலின் வந்து உட்கார்ந்திருந்தது. வேலூர் வட்டாரத்துக் கடைத்தெருக்களிலும் தலைமுறைகளாக வணிகம் செய்யும் வைசியக் குடும்பங்கள் உண்டு. 2009-இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வின்படி, இந்தச் சமூகம் நூறு தலைமுறைகளுக்கும் மேலாகத் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கிறது. என்றோ ஒரு முன்னோரிடம் வந்த எழுத்துப்பிழை அப்படியே கைமாறி வந்திருக்கலாம்.

இதை நோய் என்று சொல்வது தவறு. நொதி இல்லாதவர்களைப் பரிசோதித்த அதே ஆய்வாளர்கள், அவர்கள் ஆரோக்கியமாகவே இருப்பதைப் பதிவு செய்தார்கள். தியேட்டர் மேசையில் ஸ்கோலின் ஏறும் வரை இந்தக் குறை வெளியே தெரியாது. அது ஏறிய பிறகும், வென்டிலேட்டரில் வைத்து மூச்சைக் கொடுத்துக் காத்திருந்தால் மருந்து மெல்ல வெளியேறிவிடும். காத்திருக்கும்போது தூக்க மருந்தை நிறுத்திவிடக் கூடாது. புரோபோஃபால் விலகி, ஸ்கோலின் விலகாமல் இருந்தால் அவர் எல்லாவற்றையும் கேட்பார், வலியை உணர்வார், இமையைக்கூட அசைக்க முடியாது. தசை தளர்த்தும் மருந்து நினைவைத் தொடுவதில்லை. அதே வகையைச் சேர்ந்த குராரே மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்ட ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர், கடைசி வரை முழு நினைவோடு இருந்ததை 1947-லேயே எழுதிவைத்தார்.

பிறவியிலேயே நொதி இல்லாதவர்களைவிட, இடையில் அதை இழந்தவர்களைத்தான் நம் ஊர் அவசரப் பிரிவுகள் அதிகம் பார்க்கின்றன. காரணம் பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறினால் இதே நொதியை முடக்கிவிடும். பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தை எடுத்து லேப் பார்க்கும் ‘சூடோகோலினெஸ்டரேஸ்’ இந்த நொதிதான். இந்த விஷத்துக்கு முறிவு மருந்தாகக் கொடுக்கப்பட்ட பிராலிடாக்சிம் உண்மையில் உதவுகிறதா என்று 1990-களிலேயே கட்டுப்பாட்டு ஆய்வு செய்து கேள்வி எழுப்பியவர்கள் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள். இப்படி வந்தவருக்கு மூச்சுத் திணறி, டியூப் போட ஸ்கோலின் கொடுத்தால் அது நெடுநேரம் விலகாது. ரோகுரோனியம் என்ற வேறு மருந்துக்கு இந்த நொதி தேவையில்லை. ஆனால் அதை எடுக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், குடும்பம் உண்மையைச் சொன்னால்தான் தெரியும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து “ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கல” என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

பூச்சிமருந்து விஷத்தில் முதல் ஆபத்தைத் தாண்டியவர்களுக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென்று மூச்சுத் தசை தளர்ந்துபோவதுண்டு. 1987-இல் இலங்கையின் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் பத்து நோயாளிகளை வைத்து இதை உலகுக்கு விளக்கினார்கள். அதன் முதல் அடையாளங்களில் ஒன்று, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது. ஆபரேஷன் முடிந்ததும் மயக்க மருந்து டாக்டர் குனிந்து “கொஞ்சம் தலையைத் தூக்குங்க, அப்படியே 5 செகண்ட் வைங்க” என்று சொல்வதும் அதே தசைகளைச் சோதிக்கத்தான். மருந்து என்றாலும் விஷம் என்றாலும் நரம்பும் தசையும் சந்திக்கும் அந்த ஒரே இடத்தில்தான் வேலை செய்கிறது.

ஆபரேஷனுக்கு முன் “வீட்ல யாருக்காவது மயக்க மருந்து குடுத்ததுல பிரச்சனை வந்துதா?” என்று கேட்டால் “இல்ல” என்று அவசரமாகத் தலையாட்ட வேண்டாம். சித்தப்பாவுக்கு, அத்தைக்கு ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்பாமல் ஒரு நாள் மெஷினில் வைத்திருந்தார்களா? யோசித்துச் சொல்லுங்கள். உங்களுக்கே அப்படி நடந்திருந்தால், எந்த மருந்து என்று எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உடன் பிறந்தவர்களையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், உடன்பிறப்புகள் ஒவ்வொருவருக்கும் அதே குறை இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.