குற்றவாளிக் கூண்டில் யார்?

திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகும் பண்டிதர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வதுண்டு. அதனைக் கூத்தாட்டென இகழ்ந்து ஒதுக்குவர்; அன்றேல், அதில் வரும் தமிழின் உச்சரிப்புப் பிழைகளை எண்ணிக் காட்டி அமைவர். இவ்விரண்டும் எனக்கு உடன்பாடல்ல. நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்துப் போற்றிய மொழியினர், கற்றாரும் கல்லாதாரும் ஒருங்கே காணும் இந்நாடகத்தைப் பாராமுகமாய் விடுதல் முறையன்று. அன்றியும், சமூகத்தைப் பற்றி நம் மாணவர் பேசும் பேச்சிற் பாதி படங்களிலிருந்து பெற்றதாகவே இருக்கின்றது. சாதிக் கொடுமை பற்றியோ சீதனக் கொடுமை பற்றியோ அவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒன்றைக் காண்கின்றேன். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு தீயவன் வருகின்றான். இறுதிப் பந்தியில் அவன் திருந்திவிடுகின்றான், அல்லது சிறைபுகுகின்றான். இவ்வாய்பாடு எங்கிருந்து வந்ததென்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

தமிழிற் சமூகப் படம் என்றவுடன் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது ‘பராசக்தி’யை. 1952 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த இப்படம் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவியது. வசனம் மு. கருணாநிதியுடையது, இயக்கியோர் கிருஷ்ணன், பஞ்சு என்னும் இருவர், சிவாஜி கணேசன் திரையில் தோன்றிய முதற்படமும் இதுவே. கைம்பெண்ணாகிய கல்யாணி, வறுமையாலும் தன்னை நாடிவந்த காமுகராலும் துரத்துண்டு, பசித்த குழந்தையை ஆற்றில் எறிந்து, கொலைக்குற்றம் சாட்டப்பெற்று நீதிமன்றில் நிற்கின்றாள். அங்கே அவள் தமையன் குணசேகரன், தன்மேற் சுமத்திய குற்றங்களை மறுக்காது, அவற்றுக்குக் காரணராயிருந்தோர் யாவர் என்று வினவுகின்றான். அவ்வினா மன்றத்திலிருந்தோரை நோக்கியதன்று. கலரியின் வாங்கில் இருந்தோரை நோக்கியது. அவ்வசனத்தை மனனஞ்செய்து மேடையேறியோர் நம்மிடையே இரு தலைமுறையினர் உளர். அடுக்குமொழி சற்று மிகுதிதான். ஆயினும் தமிழ்ச் சொல்லுக்கு அரங்கம் அதிரும் என்பதை நிறுவிய பெருமை அதற்குண்டு.

இனி, அதன்பின் கதை செல்லும் வழியைப் பாருங்கள். நீதிபதியாய் வீற்றிருப்பவன் இவர்களுடைய மூத்த தமையனே என்று தெரியவருகின்றது. ஆற்றில் எறியப்பட்ட குழந்தை உயிரோடிருக்கின்றது. கல்யாணியைக் கெடுக்க முயன்ற பூசாரி பிடிபடுகின்றான். பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்ந்து, ஆதரவற்றோர்க்கு இல்லமொன்றும் தொடங்குகின்றது. சற்றுமுன் கூண்டில் ஏற்றப்பட்ட சமூகம் எப்போது விடுதலை பெற்றது என்பதை எவரும் கவனிப்பதில்லை. தமையன் நீதிபதியாக வாய்க்காத இன்னொரு கல்யாணியின் கதி யாதாகும் என்ற வினா அந்த மகிழ்ச்சியில் அமிழ்ந்துபோகின்றது.

சி. என். அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ 1949 இல் வந்தது. வேலைக்காரி அமிர்தத்தை மருமகளாக ஏற்க ஒருப்படாத வேதாசல முதலியார், அவளே செல்வர் வீட்டுப் பெண்ணாக வரும்போது உவந்து ஏற்கின்றார். பெண் ஒருத்தியே, மாறியவை பெயரும் பணமும் மட்டுமே. இந்த ஓர் ஏற்பாட்டிற்காகவே அப்படத்தை நான் மதிப்பேன். எனினும், கடன் ஒரு மனிதனை எவ்வாறு தற்கொலைக்குத் தள்ளுகின்றது என்று தொடங்கிய கதை, ஒரு முதலியாரின் மனமாற்றத்தோடு நிறைவெய்துகின்றது. ஏனைய முதலாளிமாரின் மனம் மாறும்வரை கடன்பட்டவர் காத்திருக்க வேண்டும் போலும்!

நம் நாவலப்பிட்டியிற் பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சராக உயர்ந்த எம். ஜி. இராமச்சந்திரனின் படங்களைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) நம்பியார் கையிலிருந்த சாட்டை வீரன் கைக்கு வந்தவுடன் படமாளிகையில் எழும் ஆரவாரத்தைக் கேட்டவர்க்கு அவற்றின் இலக்கணம் விளங்கும். சாட்டை கைமாறுகின்றது. அவ்வீட்டில் அது ஏன் இருக்கின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்கு நான்கு நிலைக்களன்கள் கூறினார். வறுமையை அழுகைக்குக் களனாகவும், கொலையை வெகுளிக்குக் களனாகவும் அவர் கொண்டமையை ஆசிரிய அன்பர்கள் அறிவர். நம் சமூகப் படங்கள் அழுகையில் தொடங்கி, வெகுளியில் ஏறி, உவகையில் இறங்குவன. மூன்று மணி நேரத்துள் மெய்ப்பாடுகள் அனைத்தும் முறையே பிறந்து முறையே கழிந்துவிடுகின்றன. களன் மட்டும் இருந்தபடியே இருக்கின்றது. வீடு திரும்பும்போது நெஞ்சில் எஞ்சுவது ஓர் ஆறுதல். சீதனம் கொடுக்க வழியற்று நின்ற கதாநாயகிக்காகக் கண்ணீர் வடித்த தாய், மறுநாட் காலையில், தன் மகனுக்கு வந்த சம்பந்தத்தில் காணி எவ்வளவு, வீடு எங்கே, காசு எத்துணை என்று தரகரிடம் வினவுவதை நாம் கண்டிருக்கின்றோம். முதல்நாட் கண்ணீர் பொய்யன்று. படத்திற் கண்ட மாமியார் முறுக்கிய முகமும் உருட்டிய விழியும் உடையவள். தன் முகம் அவ்வாறில்லை என்பது இத்தாய்க்கு நன்கு தெரியும். ஆகவே அக்கதை தன்னைப் பற்றியது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கொடியவன் ஒருவனைப் படைத்துக் குற்றம் முழுவதையும் அவன் தலையிற் சுமத்தும் படம் செய்யும் தீங்கு இதுவே.

இதற்கு விலக்குகள் இல்லாமற் போகவில்லை. பராசக்திக்குப் பதின்மூன்று ஆண்டு முந்தியது, கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ (1939). கல்கியின் இக்கதை, படத்தின் காட்சிகளோடு ஆனந்த விகடனிலும் தொடராக வெளிவந்தது. மனைவியைக் கைவிட்ட கணவன், அவள் செல்வம் பெற்றவளாய்த் திரும்பியபின், தன்னோடு வாழுமாறு கட்டளையிடக் கோரி வழக்குத் தொடர்கின்றான். அவளோ, வேண்டுமாயின் அவனுக்குச் சீவனாம்சம் கொடுக்கத் தான் சித்தமாயிருப்பதாகக் கூறுகின்றாள்! அங்கே கூண்டில் ஏறுவது கணவன் மட்டுமன்று, அவனுக்கு அவ்வுரிமையைக் கொடுத்த சட்டமுமாம். ஆங்கில அரசு அப்படத்தைத் தடைசெய்தது அதன் விடுதலை இயக்கச் சார்பு பற்றியே. மனைவியின் மறுமொழியைத் தடைசெய்ய விரும்பிய குடும்பத் தலைவரும் அக்காலத்திற் பலர் இருந்திருப்பர்.

இலக்கிய மாணவர்க்கு மிகவும் பயன்படத்தக்கது ஜெயகாந்தனின் கதை. 1966 இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழைநாளிற் காரில் ஏற்றிச் சென்றவனாற் கெடுக்கப்பட்ட மாணவியொருத்தி வீடு திரும்புகின்றாள். தாய் அவள் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றி, செய்தியைத் தன்னுள் அடக்கிக்கொள்கின்றாள். வாசகருட் பலர் கொதித்தெழுந்தனர். அத்தாய் அவ்வாறு அடக்காமற் கூக்குரலிட்டிருப்பின் யாது நிகழும் என்று எண்ணி ஆசிரியர் பின்னர் விரித்ததே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவல். 1972 ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமிப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஏ. பீம்சிங் அதனை 1977 இல் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமி இந்திய தேசிய விருது பெற்றார்.

சிறுகதையிலும் நாவலிலும் காரிற் சென்றவனின் செயல் ஒன்றே. வேறுபட்டது தாயின் வாய். ஒரு கூக்குரல் அயலார் செவியில் விழுந்த அளவில், அப்பெண்ணின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. பிரபு என்னும் அம்மனிதனைப் படம் நல்லவனாக்கவில்லை. ஆயினும், அவனைச் சாட்டையால் அடிப்பதனால் கங்காவுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது என்பதைப் பார்ப்போர் உணர்கின்றனர். அவளை அழித்தவர் பட்டியலை எழுதத் தொடங்கின், தாய், தமையன், மாமன், தெருவார் என்று அது நீளும். சிறுகதையையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்க இதனினும் ஏற்ற இணை எனக்குத் தெரியாது.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடியாகக் கொண்டது, எனினும் மூலத்தினின்றும் வெகுதூரம் விலகியது. அதன் நாயகன் சுந்தரவடிவேலு ஐயமறத் தீயவன். மனைவியை வருத்தியவன், ஊரையும் வருத்தியவன். இறுதியில் ஊரார் ஒன்றுதிரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொணர்ந்து, நீரில் இறங்கிச் சாகுமாறு பணிக்கின்றனர். வழக்கமான படமாயின் இங்கே கைதட்டலோடு முடிந்திருக்கும். இவனோ, இதுகாறும் நல்லவராயிருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்தவற்றுள் பெருந்தவறு இதுவே என்னும் கருத்துப்படக் கூறி, நீருள் இறங்குகின்றான். அவன் குழந்தைகள் இருவரும் கரையில் நிற்கின்றனர். தீயவனை ஒழித்துவிட்டால் தீமை ஒழிந்தது என்று எண்ணிய ஊர், அக்கணத்தில் தன் கையைத் தானே பார்க்க நேர்கின்றது. தமிழ்த் திரையில் இதற்கு நிகரான முடிவு மிக அரிது என்பது என் துணிபு.

மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் அத்தகைய தீயவன்கூட இல்லை. வேலைபார்க்கும் பெண்ணொருத்தி சிறு வீடொன்று கட்ட முயல்கின்றாள், அவ்வளவே கதை. ஒப்பந்தக்காரன் சீமெந்தைத் திருடுகின்றான். முதிய பாட்டனார் முற்றுப்பெறாத சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் உயிர்விடுகின்றார். ஈற்றில், அந்நிலமே அரசின் நீர்வழங்கல் பணிக்குரியது என்று அலுவலர் வந்து சொல்கின்றனர். வகுப்பில் இதனைக் காட்டியபோது மாணவனொருவன், “இதிலை ஆரை ஐயா ஏசுறது?” என்று கேட்டான். ஒப்பந்தக்காரனை என்றான் ஒருவன். அவன் போனபின்னும் வீடு எழவில்லையே என்றான் மற்றொருவன். அன்று மணியடித்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய படமொன்று எடுக்கப்பட்டது. தர்மசேன பத்திராஜ இயக்க, காவலூர் இராசதுரை எழுதிய ‘பொன்மணி’ 1977 இல் வெளிவந்தது. பத்திராஜ சிங்களவர், யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் இருந்தவர். சாதியும் சீதனமும் பிணித்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சாதி கடந்து காதலிக்கின்றாள். அக்காதல் அவள் சாவில் முடிகின்றது. முறுக்கிய முகமுடையார் அதில் இலர். கண்ணியமான குடும்பமொன்றே உண்டு. படம் ஓடவில்லை. மெதுவாகச் செல்கின்றது என்று குறைகூறினர். மெதுவாகச் செல்வது மெய்தான். ஆயின், அதனினும் மெதுவாகச் சென்ற எத்தனையோ குடும்பப் படங்களை நம்மவர் விரும்பிப் பார்த்திருக்கின்றனர்.

நாற்பது ஆண்டுகளின்பின், மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) வந்தபோது நம் இளைஞர் அதனைக் கொண்டாடினர். திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியிற் பயிலும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவனின் கதை அது. அதன் இறுதிக் காட்சியில் இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன; இடையே ஒரு மல்லிகைப்பூ. என் மாணவர் அக்காட்சியைப் பற்றி உருகி உருகி எழுதினர். தென்னிந்தியச் சாதிக் கொடுமையை வன்மையாகக் கண்டித்தனர். நம் தேநீர்க்கடைகளிலும் அவர்க்கெனத் தனிக்குவளை இருந்ததையும், கடைகளுட் செல்லும் உரிமைக்காக 1960களில் இங்கே போராட்டங்கள் நிகழ்ந்ததையும், 1968 இல் மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். வகுப்பு சற்றுநேரம் பேசாதிருந்தது. பின்னர் ஒருத்தி எழுந்து, எந்தக் கடை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒன்றின் இடத்தைச் சொன்னேன். அதனைக் கடந்துதான் அவர்களிற் பலர் நாள்தோறும் வகுப்புக்கு வருகின்றனர்.