மோதலா... தனி ரூட்டா? நின்டெண்டோ ஜெயித்த கதை!

2001-ம் ஆண்டு வீடியோ கேம் கம்பெனிகளுக்குப் போர்க்காலம். முந்தைய ஆண்டு வந்த சோனியின் ப்ளேஸ்டேஷன் 2 விற்பனையில் பறந்துகொண்டிருந்தது. பணபலத்தோடு எக்ஸ்பாக்ஸை இறக்கியது மைக்ரோசாஃப்ட். அடி தாங்காத சேகா, தன் ட்ரீம்காஸ்ட்டை நிறுத்திவிட்டு, இனி கேம்களை மட்டும் உருவாக்குவோம் என்று ஒதுங்கிக்கொண்டது.

ஜப்பானின் கியோட்டோவில் 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த நின்டெண்டோவும் அதே களத்தில் கேம்க்யூபை இறக்கியது. கிராபிக்ஸில் அது ப்ளேஸ்டேஷன் 2-க்குச் சளைத்ததல்ல. ஆனால், கேம்க்யூப் விற்றது சுமார் 2.17 கோடி. ப்ளேஸ்டேஷன் 2 விற்றதோ 15 கோடிக்கும் மேல்! சோனி கன்சோலில் டி.வி.டி படமும் பார்க்கலாம். கேம்க்யூபில் அந்த வசதி இல்லை. நேருக்கு நேர் மோதியதில் கிடைத்தது மூன்றாவது இடம்தான்.

விளையாடாதவர்கள் எங்கே?

2002-ல் நின்டெண்டோவின் தலைவரானார் சடோரு இவாடா. அடிப்படையில் அவர் ஒரு கேம் புரோகிராமர். 'சோனியின் வாடிக்கையாளர்களை எப்படி இழுப்பது?' என்று அவர் யோசிக்கவில்லை. 'வீடியோ கேமையே தொடாத அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியை எப்படி விளையாட வைப்பது?' என்று யோசித்தார்.

அப்படி 2006-ல் வந்ததுதான் வீ. டி.வி ரிமோட் போல ஒரு கன்ட்ரோலர். கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். ஹெச்.டி தரம் கிடையாது. ஆனால், அமெரிக்காவில் விலை 250 டாலர்தான். அதே சமயத்தில் வந்த ப்ளேஸ்டேஷன் 3-ன் ஆரம்ப விலை 500 டாலர்! முதியோர் இல்லங்கள் வரை போய்ச் சேர்ந்த வீ, 10 கோடிக்கும் மேல் விற்றது.

நின்டெண்டோவுக்கு இந்தப் பாணி புதிதல்ல. அதன் பொறியாளர் குன்பெய் யோகோய், 'பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து' என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். 1989-ல் வந்த கேம் பாயில் கலர் திரை இல்லை. ஆனால், நான்கு பேட்டரி போட்டால் நெடுநேரம் ஓடும். கலர் திரையோடு வந்த சேகாவின் கேம் கியரோ ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் காலி செய்துவிடும். பஸ்ஸிலும் ரயிலிலும் விளையாடும் பிள்ளைக்கு எது வசதி? விற்பனையில் ஜெயித்தது கேம் பாய்தான்.

தனி ரூட்டிலும் பள்ளம் உண்டு

அப்படியென்றால், தனி ரூட் பிடித்தால் வெற்றி நிச்சயமா? அதுவும் இல்லை. ஸ்மார்ட்போன் வந்ததும், பொழுதுபோக்காக விளையாடிய கூட்டம் செல்போனுக்கு மாறியது. 2012-ல் வந்த வீ யூ, புது கன்சோலா, பழைய வீயின் துணைக்கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. விற்றது வெறும் 1.35 கோடி. நஷ்டத்துக்குப் பொறுப்பேற்று 2014-ல் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார் இவாடா. அடுத்த ஆண்டே காலமானார்.

அவர் காலத்தில் வேலை ஆரம்பித்த ஸ்விட்ச், 2017-ல் வெளியானது. வீட்டில் டி.வி-யோடு இணைக்கலாம், வெளியே போகும்போது கையோடு எடுத்துப் போகலாம். ஒரே வரியில் புரிந்துவிடும் ஐடியா! வேகத்தில் ப்ளேஸ்டேஷன் 4-ஐவிடக் குறைவுதான். ஆனாலும், 15 கோடிக்கும் மேல் விற்றது. மரியோ, செல்டா போன்ற சொந்த கேம்கள் நின்டெண்டோ கன்சோலில் மட்டுமே கிடைத்ததும் பெரிய பலம்.

இப்போது அந்த ரூட்டிலும் டிராஃபிக் கூடிவிட்டது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், ஏசஸின் ஆர்.ஓ.ஜி அலை என்று கையடக்கப் போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2-ஐ இறக்கியிருக்கிறது நின்டெண்டோ.

மோதலா, தனி ரூட்டா என்று கேட்டால், நின்டெண்டோவின் கணக்கு தனி ரூட்டுக்கே சாதகம். ஆனால், அது ஒருமுறை பிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் இடம் அல்ல. மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அடுத்த ரூட்டைத் தேடியாக வேண்டும்!