பழங்கணினியும் கசியும் மின்கலமும்

பழைய கணினி யந்திரங்களைப் போற்றி வைத்திருப்போர் பலர், அவற்றின் பெட்டியைத் திறந்து பாராமலே பரண்மீது ஏற்றிவிடுகின்றனர். ஓடாத யந்திரத்திற்குக் கேடு யாது வரும் என்பது அன்னார் எண்ணம். யந்திரம் ஓய்ந்திருப்பினும் அதனுள்ளே ஓயாத பொருள் ஒன்று உண்டு. அதுவே கடிகாரத்தை நடத்தும் சிறு மின்கலம்.

கம்மோடோர் கம்பெனியார் 1987-இல் வெளியிட்ட அமிகா 2000, 1991-இல் வெளியிட்ட அமிகா 500 பிளஸ், 1992-இல் வெளியிட்ட அமிகா 4000 என்பவற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அக்காலத்து 386, 486 வகைக் கணினிகள் பலவற்றிற்கும் இஃது ஒக்கும். இவற்றின் தாய்ப்பலகையில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று உருளை வடிவினதாய்ப் பற்றவைக்கப்பட்டிருக்கும். யந்திரம் ஓடுங்கால் அது மின்னேற்றம் பெறும். நிறுத்தியபின் நாளையும் நாழிகையையும் மறவாது காக்கும். ஆண்டுகள் பல செல்ல அதன் அடைப்புத் தளரும். உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசல் வெளிப்பட்டு, பலகையின் பச்சைப் பூச்சின் கீழே புகுந்து, நுண்துளைகளின் வழியே மறுபுறமும் ஊர்ந்து, செம்புத் தடங்களை அரித்துவிடும். கம்மோடோர் கம்பெனி 1994-இல் முறிந்தமையால், கெட்ட பலகைக்கு ஈடு கேட்க இடமில்லை.

இக்கேட்டினைத் துருவென்பாரும் உளர். துரு இரும்பிற்கே உரியது. செம்பிற் படிவது களிம்பு. சைவ சித்தாந்த நூலார் உயிருக்கும் மலத்திற்கும் செம்பையும் களிம்பையும் உவமை கூறுவர். ஆங்குக் களிம்பு உடன் தோன்றியது. ஈங்கோ பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

முதற்கண் மின்கலத்தை அகற்றல் வேண்டும். 386 வகையினர் அதற்கு முன்னரே வன்தட்டின் அமைப்பெண்களைத் திரையிற் கண்டு குறித்துக்கொள்க. மின்கலம் நீங்கின் அவையும் நீங்கும். கசிந்தது தோலையும் கண்ணையும் புண்படுத்தும் காரமாதலின் கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதன. காட்மியம் நஞ்சாதலின் கழற்றியதைக் குப்பையில் எறியாது, பழைய மின்கலம் ஏற்போரிடம் சேர்ப்பிக்க.

காரத்தை அடக்குவது புளிப்பு. செப்புக்குடத்தைப் புளியிட்டு விளக்கும் நம் தாய்மார் புளிப்பின் ஆற்றலை நன்கறிவர். பலகைக்கு வெண்காடி சாலும். நற்செய்தி நூலிற் காணும் காடியே கடையில் வினிகர் எனப்படுவது. அதனைத் தூரிகையால் இட்டால் நுரை எழக்கூடும். காடியையும் பலகையில் நிற்கவிடலாகாது. காய்ச்சி வடித்த நீராற் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி, நன்கு உலர்த்துக. ஈய-அமில மின்கலம் கசிந்ததாயின் மருந்து மாறும்: ஆங்குச் சமையற்சோடாவே தக்கது.

கழுவியதோடு வேலை தீர்ந்ததென்று மகிழ்வோர் பின்னர் வருந்துவர். பூச்சுக் கறுத்த இடமெல்லாம் மெல்லச் சுரண்டி, ஒவ்வொரு தடத்திலும் மின் செல்கின்றதா என்று மீட்டரால் அளந்து பார்த்தல் வேண்டும். யாம் பார்த்த பலகையில் முழுமையாய்த் தோன்றிய தடம் ஒன்று துளையின் வாயில் அற்றிருந்தது. மெல்லிய கம்பியொன்றைப் பற்றவைத்து அதனை இணைத்தோம்.

லித்தியம் நாணயக்கலத்தை மாற்றாக வைப்பின் இடையே டயோட் ஒன்று வேண்டும். இன்றேல் யந்திரம் அதற்கும் மின்னேற்ற முயலும், அது பேரிடர். யாம் ஒன்றும் வையாது விட்டோம். அவ்வியந்திரம் இப்பொழுது ஓடுகின்றது. நாள் மட்டும் பிழையாகக் காட்டுகின்றது.