கெனிசாக் கடிதங்களும் கொச்சிப் பாட்டுகளும்

1132-ஆம் ஆண்டு அக்டோபர் 17. மங்களூரில் ஆபிரகாம் பென் யீஜு என்ற யூத வணிகர், ஆஷு என்ற பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து ஆவணம் எழுதினார். அவர் துனிசியாவின் மஹ்தியா ஊர்க்காரர். மலபார்க் கரையில் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் தங்கி மிளகும் பாக்கும் ஏற்றுமதி செய்தார், வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஆஷுவை அவர் மணந்துகொண்டார் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விடுதலை ஆவணம் அவளுக்கு பெராகா என்ற யூதப் பெயரையும் தருகிறது.

இந்திய யூதர்களின் சமய வரலாற்றைப் பல்கலைக்கழகங்கள் எப்படிப் படிக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒற்றைத் தாளையே முதலில் காட்டலாம். இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது யூத மரபு. அதனால் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா வழிபாட்டுக் கூடத்தில் பயன்முடிந்த தாள்களை ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். அந்த அறைக்கு கெனிசா என்று பெயர். மறைநூல் ஏடுகளோடு சரக்குப் பட்டியல், கடன் கணக்கு, குடும்பக் கடிதம் எல்லாம் அங்கே சேர்ந்தன. 1896–97இல் சாலமன் ஷெக்டர் ஏறக்குறைய 1,90,000 துண்டுகளை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். மற்றவை பல நாடுகளுக்குச் சிதறின. ஆஷுவின் ஆவணம் இன்று இருப்பது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்.

கடிதங்களில் பெரும்பாலானவை அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் இந்திய வணிகம் பற்றியவற்றைத் தேடித் தொகுக்கத் தொடங்கியவர் எஸ்.டி. கோய்டைன். மத்தியதரைக் கடல் உலகத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தியக் கடிதங்களைப் படிக்க முடியாது என்று கண்டு, அதைப் பற்றியே பெருநூல் எழுதப் போனார். 1985இல் மறைந்தார். தெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் மொர்தெகாய் ஃபிரீட்மன் அந்தப் பணியைத் தொடர்ந்து, இந்தியாவோடு வணிகம் செய்தவர்கள் பற்றிய தொகுதியை 2008இல் வெளியிட்டார். இரண்டு தலைமுறை உழைப்பு அது.

இந்து மரபின் வேதத்தையும் யூத மறைநூலான தோராவையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வுகளும் உண்டு. பார்பரா ஹோல்டிரெஜ் 1996இல் எழுதிய நூல் அவற்றில் குறிப்பிடத்தக்கது. ஆனால் இந்தத் துறையின் உயிர் மறைநூல் ஒப்பீட்டைவிட, இரு மரபுகளும் ஒரே தெருவில் வாழ்ந்ததன் தடயங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குக் கொச்சிக்குத்தான் போக வேண்டும்.

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி வழிபாட்டுக் கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கொச்சி யூதர் திருமணங்களில் தாலி கட்டும் வழக்கம் இருந்தது. நேதன் காட்ஸ், எலன் கோல்ட்பெர்க் இருவரும் 1993இல் வெளியிட்ட நூல், இப்படிச் சுற்றியிருந்த இந்து வழக்கங்களை யூதர்கள் தங்கள் நெறி குலையாமல் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று காட்டுகிறது.

எடுத்துக்கொண்டவற்றில் சாதியும் ஒன்று. அடிமைநிலையிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டவர் முழு யூதர் என்பது யூதச் சட்டம். ஆனால் பரதேசிக் கூடத்தில் விடுதலை பெற்றவர்களின் சந்ததியினருக்கு உள்ளே இருக்கை தரப்படவில்லை, முன்னறையில்தான் இருக்க வேண்டியிருந்தது. தோரா வாசிக்க அழைப்பும் கிடைக்கவில்லை. அந்தச் சந்ததியில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சாலம், காந்தியின் சத்தியாகிரக வழியைக் வழிபாட்டுக் கூடத்துக்குள்ளேயே கையாண்டு இந்தத் தடைகளை எதிர்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவை தளர்ந்தன. கொச்சி யூதர் வரலாற்றை நல்லிணக்கக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடும் எழுத்துகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது நியாயமில்லை.

தமிழுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 அளவில் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணத்தை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் பிரியாத நடையில் இருக்கிறது. 849இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு, பாரசீகக் கையொப்பங்களோடு எபிரேய எழுத்துக் கையொப்பங்களும் உள்ளன. அஞ்சுவண்ணம் என்பது யூதர்களை மட்டும் குறித்ததா, மேற்கு ஆசிய வணிகர்களின் பொதுக் குழுவா என்ற விவாதத்தில், ராமநாதபுரக் கரையின் தீர்த்தாண்டதானபுரம் கல்வெட்டு உட்பட்ட சான்றுகளை வைத்து, அது வணிகக் குழுவே என்று எ. சுப்பராயலு வாதிட்டார். எனக்கு அவர் வாதமே வலுவாகத் தெரிகிறது.

பெண்களின் பாட்டுகள் வெகுகாலம் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பின. கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் காத்துவந்தார்கள். 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவற்றையும் கொண்டுபோனார்கள். ஆண்கள் எபிரேயத்தில் வழிபட, பைபிள் கதைகளையும் கல்யாணச் சடங்குகளையும் பெண்கள் தாய்மொழியில் பாடினார்கள். காலடி சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்கறியா சக்கறியா, எபிரேயமும் மலையாளமும் கற்ற ஓஃபிரா கம்லியேல் இருவரும் பதிப்பித்த ‘கார்குழலி’ தொகுப்பு 2005இல் ஜெருசலேமில் இரு மொழிகளிலும் வந்தது. அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா ஜான்சனும் பல ஆண்டுகள் இந்தப் பாட்டுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்.

இந்தத் துறையில் ஒருவர் எல்லாவற்றையும் தனியாகக் கற்றுவிட முடியாது. வட்டெழுத்து படிப்பவரும் எபிரேயம் படிப்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷுல்மன் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்திருக்கிறார். நம் பக்கத்திலிருந்து எபிரேயம் கற்கப் போகிறவர்கள் இன்னும் அதிகமாக வேண்டும். தொடங்குவதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கேம்பிரிட்ஜ் நூலகமும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெனிசாத் திட்டமும் ஆயிரக்கணக்கான துண்டுகளின் படங்களையும் படியெடுப்புகளையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன.